நகத்துக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் அம்மிச்சி வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. கூண்டில் நின்றது என் பெரியம்மா பொண்ணு. வயது 24. பி.காம். முடித்துவிட்டு கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடி ரூமில் ஒரு மேசை போட்டு, ஜெல் பாலிஷும் நெயில் எக்ஸ்டென்ஷனும் போட்டுவிடப் போகிறேன் என்று சொன்னதுதான் அவள் செய்த குற்றம்.

"ஏனம்மிணி, இதுக்குன்னு ஏதாச்சும் படிச்சிருக்கியா? சர்டிபிகேட் இருக்குதா?" என்று மாமா ஆரம்பித்தார்.

"இல்லீங் மாமா. பார்லர்ல கூடமாட இருந்து கத்துக்கிட்டேனுங்க."

"அப்பறம் எந்த தைரியத்துல அடுத்தவங்க கையப் புடிப்பே?"

அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மிச்சி தலையைத் தூக்கி, "நகம் வெட்டறதுக்கெல்லாமா கண்ணு பரீட்சை வெச்சிருக்கறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பஞ்சாயத்து அத்தோடு கலைந்தது. எனக்கு மட்டும் இரண்டு நாளாக அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாமா சொன்னது சரியா, அம்மிச்சி சொன்னது சரியா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்டிபிகேட் இல்லாமல் இந்தத் தொழிலைத் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அந்த சர்டிபிகேட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம் தெரியாமல் ஒரு நாள் கூட அடுத்தவர் விரலைத் தொடக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். இந்தியாவில் நெயில் டெக்னீஷியனாக வேலை பார்க்கத் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. கடை போட்டால் மாநகராட்சியிடம் தொழில் உரிமம் வாங்கவேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமம் இடத்துக்குத் தருவது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை தெரியுமா என்று அது கேட்காது. பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதைதான், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள்தான் அங்கே சர்டிபிகேட் கேட்பார்கள். அமெரிக்காவில் கதை வேறு. கலிபோர்னியாவில் 400 மணி நேரம் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினால்தான் காசுக்கு நகம் பார்க்க முடியும்.

அடுத்து நம்ம ஊரைப் பார்ப்போம். கோயமுத்தூரில் சர்டிபிகேட்டைக் காட்டித் தொழில் தொடங்கியவர்கள் எத்தனை பேர்? கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதினாலு வயதில் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தேன், அப்புறம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் மிஷினில் நின்றேன் என்றுதான் பாதிப்பேர் சொல்வார்கள். போன 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்தார்களே, பத்து கிலோமீட்டர் மேம்பாலம், அது யார் பெயரில் இருக்கிறது? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு பெயரில். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டித்தான் அவர் எஞ்சின் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். 1937-ல் அவர் பங்கெடுத்துச் செய்த மின் மோட்டார் வெளிவந்தது. யாரும் அவரிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் பெயரில் பாலம் கட்டிய ஊர், மாடி ரூமில் மேசை போடும் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்கிறது?

காரணம் எனக்குத் தெரியும். மோட்டார் ஆம்பளைங்க தொழில். நகம்? அது "பொம்பளைங்க பொழுதுபோக்கு". இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்தவர் கையையும் காலையும் தொட்டு நகம் பார்க்கும் வேலையை நம் ஊர்களில் ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்தோம். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாட அந்தக் குடிமகன்தான் வேண்டும். முகம் மழிக்கவும் நகம் வெட்டவும் அவர்தான் வேண்டும். ஆனால் திண்ணைக்கு மேலே வர அவருக்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைவந்த அந்த வேலைக்கு எந்தச் சர்டிபிகேட்டும் கேட்டதில்லை, மரியாதையும் கொடுத்ததில்லை. மாமாவின் கேள்விக்குப் பின்னால் "நம்ம வீட்டுப் பொண்ணு அடுத்தவங்க காலப் புடிக்கறதா?" என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்வியை நான் மதிக்கவில்லை.

உலகத்தில் இந்தத் தொழில் எப்படிப் பரவியது தெரியுமா? 1975-ல் சைகோன் விழுந்தபோது வியட்நாமிலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் கலிபோர்னியாவில் ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். அங்கே உதவிக்குப் போன ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரனின் (ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' கதாநாயகி) நகங்களைப் பார்த்து அவர்கள் ஆசைப்பட்டார்கள். அவர் தன் மேனிக்யூரிஸ்டையே அழைத்துவந்து 20 பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மொழி தெரியாது, கையில் காசில்லை, சொந்த ஊர் திரும்ப வழியில்லை. இன்று கலிபோர்னியாவின் நெயில் சலூன்களில் பெரும்பகுதி வியட்நாமியர் கையில். இந்தக் கதையைச் சொல்லி அக்காவுக்குத் தெம்பு கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பெண்கள் முகாமில் கற்றதோடு நிற்கவில்லை. அழகுக்கலைப் பள்ளிக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினார்கள்.

ஏன் அவ்வளவு? நகம்தானே?

இங்கேதான் நான் அம்மிச்சி கட்சியிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். மருதாணி அரைத்து வைப்பதும் ஜெல் போடுவதும் ஒன்றில்லை. நான் படிப்பது பி.எஸ்சி. வேதியியல். என் படிப்பு வீட்டில் ஒருவருக்கு உபயோகப்பட்டது என்றால் அது அக்காவின் ஜெல் பாட்டில் லேபிளைப் படித்துச் சொன்ன அன்றுதான் :)

அந்தப் பாட்டிலில் இருப்பது மெத்தக்ரிலேட் வகையைச் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள். விளக்கொளி பட்டதும் அவை ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டு கெட்டிப்படும். முழுசாகக் கெட்டிப்பட்டால் பெரிதாகத் தொந்தரவில்லை. விளக்கு சரியில்லை, ஜெல்லுக்கும் விளக்குக்கும் பொருத்தமில்லை, பூச்சு தடிமன் என்றால் கோர்க்காத மூலக்கூறுகள் மிச்சம் இருக்கும். அவை தோலில் அடிக்கடி பட்டால் உடம்பு ஒரு கட்டத்தில் அவற்றை எதிரி என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் எப்போது பட்டாலும் அரிப்பு, கொப்புளம், விரல்நுனி வெடிப்பு. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பல் அடைப்பதற்கும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் சிமெண்டுக்கும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான். ஆக, நகத்தில் தொடங்கிய வினை நாளைக்குப் பல் டாக்டர் நாற்காலியில் வந்து நிற்கலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-லேயே இதைப்பற்றி எச்சரித்தது. ஜெல் கெட்டிப்பட உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது.

இது புத்தகப் பயம் இல்லை. அக்கா கூடமாட வேலை பார்த்த பார்லரில் அவளோடு இன்னொரு பெண் இருந்தாள். அவளிடம் சர்டிபிகேட் இருந்தது. மூன்று நாள் கோர்ஸ், 15,000 ரூபாய் கட்டணம், மூன்றாம் நாள் போட்டோ எடுத்து, பிரேம் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோர்ஸில் கொடுத்த நோட்டை நான் புரட்டிப் பார்த்தேன். டிசைன் இருக்கிறது, கிளிட்டர் இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் எப்படிப் படம் போடுவது என்பது கூட இருக்கிறது. ஒவ்வாமை என்ற வார்த்தை ஓர் இடத்திலும் இல்லை. ஜெல்லின் பிசுபிசுப்பை வெறும் விரலால் துடைத்துத் துடைத்து, ஐந்தாவது மாதம் அவள் விரல்நுனியெல்லாம் வெடித்துவிட்டது. டாக்டர், இந்த வேலையையே விட்டுவிடம்மா என்றார். 22 வயதில் அவளுக்குத் தொழில் போயிற்று. சர்டிபிகேட் மட்டும் பத்திரமாகச் சுவரில் தொங்குகிறது.

அதனால்தான் மாமாவின் கேள்வியைப் பாதிக் கேள்வி என்கிறேன். "சர்டிபிகேட் இருக்கா?" என்பதற்குப் பதிலாக அவர் கேட்டிருக்க வேண்டியவை இவை:

1. நகம் எங்கிருந்து வளர்கிறது தெரியுமா? தோலுக்கு அடியில் வேர்ப்பகுதி இருக்கிறது. அங்கே அடிபட்டால் நகம் கோணலாகவே வளரும். கைநகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். மின்சார ஃபைலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டால் அந்தத் தப்பு வெளியேற ஆறு மாதம் ஆகும்.

2. நிப்பரை எப்படிச் சுத்தம் செய்வாய்? நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பல பார்லர்களில் நம்புகிறார்கள். வெளிச்சம் படாத இடத்தில் கிருமி சுகமாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, ஆட்டோக்ளேவில் வைக்க வேண்டும். நம் குக்கர் போலத்தான் அது வேலை செய்கிறது, அழுத்த நீராவியில் 121 டிகிரி. ஃபைலும் மரக்குச்சியும் ஒருவருக்கு ஒன்று. முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிடு.

3. யாரைத் திருப்பி அனுப்புவாய்? நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தால், நகம் மஞ்சளாகித் தடித்துத் தூளாக உதிர்ந்தால், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் காலில் கத்தி வைக்கவே கூடாது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை வியாதிக்காரர் இருக்கும் ஊர் நம்முடையது.

4. பாட்டிலில் என்ன இருக்கிறது? லேபிள் இல்லாத, மூக்கைத் துளைக்கும் மலிவு அக்ரிலிக் திரவத்தில் எம்.எம்.ஏ. இருக்கலாம். அமெரிக்கா 1970-களிலேயே அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. பல் டாக்டர்களின் பொருளிலிருந்து பிறந்ததுதான் அக்ரிலிக் நகம் என்பதால் அந்தச் சரக்கு சுலபமாகக் கிடைக்கும். வாங்காதே.

இந்த நாலுக்கும் அக்காவிடம் கேட்டேன். மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள். ஆட்டோக்ளேவ் மட்டும் இல்லை, "முதல் மாசம் சம்பாரிச்சு வாங்கிக்கறேன்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மாதத்தில் வருகிறவரும் மனிதர்தானே? அதை வாங்கின பிறகு கடையைத் திற என்றேன். கொஞ்சம் முறைத்தாள்.

காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு இருக்கிறது. கைவேலையாகக் கற்றவர்களின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் வழியும் 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் வந்தது. முதலில் கற்று, பிறகு காகிதம் வாங்குகிற இந்த வரிசை நம் பட்டறை வழக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. சிறுதொழிலாகப் பதிந்துகொள்ள உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பட்டம் யாரும் கேட்பதில்லை. மேசை, விளக்கு, ஆட்டோக்ளேவ் வாங்க முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரைக்கும் உள்ள சிசு பிரிவே போதும். அதற்கு அடமானமும் கிடையாது.

என் ஆதங்கம் ஒன்றுதான். முடி வெட்டுவதற்கும் நகம் பார்ப்பதற்கும் கற்றுத்தருகிறேன் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், மூன்று நாளில் பிரேம் போட்டுக் கொடுக்கலாம் என்ற நிலை இருக்கிறதே, அதைத்தான் அரசாங்கம் கேள்வி கேட்க வேண்டும். கற்றுக்கொள்ள வருகிற பெண்ணைக் கேள்வி கேட்பது சுலபம். கற்றுத்தருகிறவரைக் கேட்பதுதான் கஷ்டம்.

கடைசியாக ஒரு சொந்தக் கதை. அக்கா பழகியதெல்லாம் என் விரலில்தான். இடது கைச் சுண்டுவிரலில் ரோஸ் கலர் ஜெல்லோடு ஒரு வாரம் காலேஜுக்குப் போயிருக்கிறேன். லேபில் பையன்கள் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்த ஜெல்லைக் கழற்றியபோது என் நகம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. சுரண்டாமல், அவசரப்படாமல், ஊறவைத்து எடுத்தாள்.

அந்தச் சுண்டுவிரலை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் அக்காவிடம், "அந்த குக்கர் மாதிரி மிஷின் என்ன வெலைன்னு கேட்டுச் சொல்லு அம்மிணி" என்றார்.