தங்கவயலின் இருள் காலியிடம் அன்று

அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் பெருநகரங்களின் வானியல் ஆர்வலர் சங்கங்கள் கூடாரங்களையும் தொலைநோக்கிகளையும் ஏற்றிக்கொண்டு இருளைத் தேடிப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. பெங்களூரிலிருந்து கிளம்புவோர்க்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. இத்தகைய முகாம்களின் பேச்சில் இரண்டு தொடர்கள் ஓயாது வரும்: மாசற்ற வானம், ஆளரவமற்ற வெளி. வானத்தைப் பற்றிய தொடரில் பிழையில்லை. நிலத்தைப் பற்றிய தொடர்தான் பொய். தங்கவயலைப் பொறுத்தவரை அது வரலாற்றையே மறைக்கும் பொய்.

இருளுக்கும் வரலாறு உண்டு. 1902ஆம் ஆண்டு ஜூனில், காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை வந்தடைந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல்தான். எந்த நகரத்தின் ஒளிக்கு அஞ்சி இன்று ஆர்வலர்கள் ஓடிவருகிறார்களோ, அந்த நகரத்தைவிட மூன்றாண்டு முன்னரே மின்சாரம் கண்ட ஊர் இது. ஆயினும் அம்மின்சாரம் சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்டுவதற்காக வந்ததே ஒழிய, தொழிலாளர் குடிசைக்கு விளக்கேற்ற வந்ததன்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வானத்தின் இருளை ஒன்பது படிகளாக வகுக்கும் போர்ட்டில் அளவுகோல் அமெரிக்க இதழொன்றில் வெளியானதும் அதே பிப்ரவரியில்தான். இது தற்செயலே. எனினும் அந்த ஒன்பது படிகளுள் எதுவும், ஓர் ஊர் ஏன் இருண்டது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் மக்கள், அந்தக் கேள்விக்கான விடையைத் தினமும் பயணமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வானியலார்க்கு இவ்வூர் அந்நிய நிலமும் அன்று. உலகின் முதல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவான இடங்களுள் ஒன்று இது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து சாம்பியன் ரீப் சுரங்கத்தில், தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் கீழே, அப்பதிவை நிகழ்த்தின. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் அதைச் செய்தது. தரைமட்டத்தில் மியூவான்கள் மழையாய்ப் பொழிவதால் நியூட்ரினோவின் அரிய தடம் அவற்றில் மூழ்கிவிடும். நகர வெளிச்சத்தில் பால்வீதி மூழ்குவது போன்றதே அது. பாறையின் தடிமன் அந்த இரைச்சலை வடிகட்டியது. அங்கே நிறுவப்பட்ட கருவிகளையும் ஆய்வாளர்கள் தொலைநோக்கிகள் என்றே அழைத்தனர். வேறெங்கும் கிட்டாத இருள் வானம் தங்கவயலில் தலைக்குமேல் இருக்கவில்லை, காலுக்குக் கீழே இருந்தது.

அந்த இருளைக் குடைந்தவர்கள் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் தலித் மக்கள். பாறை வெடிப்பில் மாண்டவர்களும், கல்தூசியால் நுரையீரல் இறுகிப்போனவர்களும் அவர்களே. 1965ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் இல்லை. அறிவியல் வழக்கப்படி இருக்கவும் இயலாது. ஆனால் வழக்கம் விலக்கிய பெயர்களை நினைவும் விலக்கிவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சுரங்கம் தங்கத்துக்காகத் தோண்டப்பட்டது, இயற்பியல் பின்னர் வந்து அதைப் பயன்படுத்திக்கொண்டது என்பது உண்மை. அப்படியானால் இயற்பியல் கடன்பட்டிருக்கிறது என்பதும் உண்மை.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: வார இறுதியில் நெபுலா பார்க்க வருபவர் மீது ஏன் நூறாண்டுச் சுமையை ஏற்ற வேண்டும்? ஒளிமாசு மெய்யான கேடு அல்லவா? ஆம், மெய்யான கேடுதான். ஆர்வலர்கள் குற்றவாளிகளும் அல்லர். மாறும் விண்மீன்களையும் வால்மீன்களையும் பொறுமையுடன் பதிந்துவைத்த ஆர்வலர்களுக்கு வானியல் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஆர்வலர் என்ற சொல்லின் பெருமையே ஆர்வத்தில் இருக்கிறது. எட்டாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள தூசிமேகத்தின் பிறப்பை ஆர்வத்துடன் விசாரிப்பவர், எண்ணூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் சயனைடு மேட்டின் பிறப்பை விசாரிக்காமல் அதைப் புகைப்படப் பின்னணியாக்கிவிட்டுக் கிளம்பினால், அது ஆர்வம் அன்று, நுகர்வு.

மாற்று வழி கற்பனையில் இல்லை. 2022இல் லடாக்கின் ஹான்லேயில் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, சுற்றுக் கிராமத்தவர்க்கே தொலைநோக்கிகளும் பயிற்சியும் வழங்கப்பட்டன. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் துணையுடன், வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டுபவர்கள் அங்கே அந்த மண்ணின் மக்கள். இருளைக் காப்பதன் பயனில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஹான்லேயில் இயன்றது தங்கவயலில் இயலாததற்குக் காரணம் ஏதும் இல்லை. விண்ணையும் மண்ணையும் ஒருசேரத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்களும், படித்துவிட்டு வேலை தேடும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.

ஆகவே தங்கவயலில் கூடாரமடிக்கும் சங்கத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை எளியது. முகாம் துருப்பிடித்த சுரங்கக் கோபுரத்தின் அடியில் தொடங்கட்டும், 1965இன் கதை அங்கே தமிழிலும் கன்னடத்திலும் சொல்லப்படட்டும். தொலைநோக்கி நிலைநிறுத்தப்பட்டதும், அதில் முதலில் கண் வைப்பது லைன் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் கட்டி வந்தவர்கள் வரிசையில் அடுத்து நிற்கலாம். சனிக்கோள் அதற்குள் மறைந்துவிடாது.