உண்பது ஊன்; விற்பது மானம்!

தமிழ்நாட்டுப் பெருநகரொன்றில் விளக்கேற்றும் வேளையில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று தெருவோரத் தள்ளுவண்டி. அடுப்பின்மேல் இரும்புச்சட்டியில் மாட்டிறைச்சி மிளகோடும் வெங்காயத்தோடும் வறுபடுகிறது. நாளெல்லாம் மூட்டை சுமந்தவரும், தோல் பதனிட்டவரும், தெருக் கூட்டியவரும் சுற்றிநின்று உண்கின்றனர். அவ்வழியே செல்லும் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகிறார்.

மற்றொன்று, விண்மீன் குறியிட்ட விடுதியின் குளிரூட்டிய கூடம். மங்கிய விளக்கொளி, வெள்ளைத் தட்டு, கத்தியும் முள்கரண்டியும். தட்டில் கிடப்பதும் மாட்டிறைச்சியே. அதை அறுத்தறுத்துச் சுவைத்துக்கொண்டிருப்பவர் யார்? சற்றுமுன் மூக்கைப் பொத்திச் சென்றாரே, அவரேதாம்!

வெளியே அதன் பெயர் மாட்டுக்கறி. உள்ளே அதன் பெயர் 'இசுடேக்கு'. வெளியே அது நாற்றம். உள்ளே அது நாகரிகம். ஊன் ஒன்று, தீ ஒன்று, உண்ணும் வாயும் ஒன்று. மாறியது பெயர் ஒன்றே. தமிழ்ப்பெயர் வாங்கித்தந்த இழிவை ஆங்கிலப்பெயர் கழுவிவிட்டதாம்! அதற்காகவே தமிழன் பன்மடங்கு விலை கொடுக்கிறான். அவன் உண்பது ஊன். விலையாக விற்றுவருவது மானம்.

ஊன் உண்பதையோ, உற்றாரோடு ஒருநாள் உணவகம் சென்று மகிழ்வதையோ நாம் குறைகூற வரவில்லை. உழைத்து ஈட்டிய பொருளில் ஒருவன் விரும்பியதை விரும்பிய இடத்தில் உண்ணட்டும். நாம் கேட்பது வேறு. தமிழன் அறுத்து, தமிழன் சமைத்து, தமிழன் பரிமாறித் தமிழனே உண்ணும் உணவிற்குத் தமிழில் பெயர் சொல்ல ஏன் நாணவேண்டும்?

அக்கூடத்தில் நடக்கும் உரையாடலைச் செவிமடுத்துப் பாருங்கள். பட்டியல் முழுதும் ஆங்கிலம். பரிமாறவந்த இளைஞன் தென்பாண்டிச் சீமையான். இருக்கையில் அமர்ந்தவர் கொங்குநாட்டார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றனர். ஊன் எந்த அளவு வெந்திருக்கவேண்டும் என்று இவன் ஆங்கிலத்தில் கேட்கிறான். அவர் நேற்றுக் கற்ற சொல்லை நெட்டுருச் செய்தவர்போல் விடையிறுக்கிறார். அரைவேக்காடு, முக்கால்வேக்காடு, முழுவேக்காடு என்று நம் அடுப்பங்கரைகளில் அன்றாடம் வழங்கும் சொற்கள் அங்கே வாயிற்படிக்கு வெளியே நிற்கின்றன. உண்மையில் அங்கே அரைவேக்காடாய்க் கிடப்பது தட்டிலுள்ள ஊன் மட்டுமன்று!

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததென்று எண்ணவேண்டா. எவன் மொழிக்கு அடிமைப்பட்டு இன்று ஊன்துண்டிற்கும் பெயர் கடன் வாங்குகிறோமோ, அந்த ஆங்கிலேயனே ஒரு காலத்தில் இந்நோயில் கிடந்தவன். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆண்டவர் பேசியது பிரெஞ்சு. ஆளப்பட்டவர் பேசியது ஆங்கிலம். மாட்டையும் ஆட்டையும் பன்றியையும் மேய்த்தவன் ஆங்கிலேயன். ஆதலால் உயிரோடிருந்த விலங்கிற்கு ஆங்கிலப்பெயர் நிலைத்தது. அறுத்துச் சமைத்ததை அமர்ந்து உண்டவன் நார்மானியன். ஆதலால் தட்டிலேறிய ஊனுக்குப் பிரெஞ்சுப் பெயர் நிலைத்தது. மாட்டிற்கு 'கௌ', அதன் இறைச்சிக்கு 'பீஃப்'. வால்டர் சுகாட்டு என்னும் புதின ஆசிரியர் இதைத் தம் 'ஐவன்ஓ' கதையில் நையாண்டியோடு எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1362ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முறைமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்குரைக்கச் சட்டம் பிறந்தது. மன்றம் மீண்டது, நாடும் மீண்டது, நா மட்டும் இன்றளவும் மீளவில்லை. ஆங்கிலேயன் விருந்திற்குச் செல்லும் இடம் 'ரெசுட்டாரண்டு'. கையில் எடுப்பது 'மெனு'. இறுதியில் இனிப்பாக உண்பது 'தெசர்ட்டு'. மூன்றும் பிரெஞ்சுச் சொற்கள். உடலைத் தேற்றும் சாறு என்பதிலிருந்து வந்தது முதற்சொல். உண்ட ஏனங்களை அகற்றுதல் என்பதிலிருந்து வந்தது கடைச்சொல். ஆண்டவன் அகன்று பன்னூறாண்டு ஆனபின்னும் அவன் வைத்த பெயர் அடிமையின் நாவில் கிடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆங்கிலேயன் பெற்ற வடுவை நாம் அணிகலனாய்ப் பூண்டு திரிகிறோம்!

'இசுடேக்கு' என்னும் சொல்லின் வேரையும் பார்த்துவிடுவோம். அது வடகடல் நாடுகளின் பழைய நோர்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துள் புகுந்தது. கம்பியில் கோத்துச் சுடுதல் என்பதே அதன் அடிப்பொருள். ஊனைக் கம்பியில் கோத்துச் சுடுவதை வடகடலோர் வந்துதானா நமக்குக் கற்பிக்கவேண்டும்?

பொருநராற்றுப்படையைத் திறந்து பாருங்கள். கரிகாற்பெருவளத்தான் தன்பால் வந்த பொருநர்க்கு விருந்திடுகிறான். அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் தொடையைப் புழுக்கியும், கொழுத்த துண்டங்களைக் காழ் எனப்படும் கம்பியில் கோத்துச் சுட்டும் படைக்கின்றனர். சூடு தாளாமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்கின்றனர் பொருநர். அவை தெவிட்டியபோது பல வடிவங்களில் செய்த இனிய பணியாரங்கள் வருகின்றன. இப்படியே நாள்தோறும் ஊன் மென்றதால், கொல்லை உழுத கொழுப்போலத் தம் பற்கள் தேய்ந்தன என்கிறான் அப்பொருநன். முதலில் சுட்ட ஊன், பின்னர் இனிப்பு! இன்றைய விடுதிக்காரன் புதுமையென்று விற்கும் அதே வரிசை, கரிகாலன் அவையில் ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் நடந்திருக்கிறது. பெயர்தான் தமிழாக இருந்தது.

சேரவேந்தன் தன் கையைப் பற்றி, 'மெல்லிதாக உள்ளதே' என்று வியந்தபோது, ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாத கை என்று விடைதந்தார் கபிலர். அவர் அந்தணர்; கழகப் புலவருள் தலைசிறந்தவர். ஊனுக்குத் தமிழ்ப்பெயர் சொல்ல அவர் நா கூசவில்லை.

இனிப்பிற்கு வருவோம். மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக்கடைகளில் தேன்கூடு போன்ற மெல்லிய அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்றவர் யாவர்? கூவியர். பெரும்பாணாற்றுப்படையில் பாகு சேர்த்து அப்பம் சுட்டவனும் கூவியனே. அப்ப வணிகனுக்கென்று தனிப்பெயரே வைத்திருந்த மொழி நம்முடையது. அந்தப் பெயர் இன்று எத்தனை தமிழர்க்குத் தெரியும்? கூவியனை மறந்தவன், வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயரைத் தட்டுத்தடுமாறி ஒப்பிக்கிறான். தவறாக ஒலித்துவிட்டால் வெட்கித் தலைகுனிகிறான். தாய்மொழியைத் தவறாக ஒலிக்கையில் வராத வெட்கம் அங்கே எங்கிருந்து வந்தது?

'உணவே அயல்நாட்டது, பெயரும் அயற்பெயராக இருந்தால் என்ன?' என்பார் சிலர். மிளகாய் எந்நாட்டது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்தது. வந்ததும் தமிழன் என்ன செய்தான்? தன் மிளகை எண்ணி மிளகாய் என்றான். உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் கடல்கடந்து வந்தவையே. இன்று அவற்றை அயற்பெயர் என்று யாரேனும் சொல்லமுடியுமா? பெயர் வைத்தவர் பல்கலைக்கழகப் புலவரல்லர். உழவரும் அடுப்படித் தாய்மாருமே. படிக்காத பாட்டிக்கு இருந்த மொழித்திறம் பட்டம் பெற்ற பேரனுக்கு இல்லாமற் போயிற்று!

ஆங்கிலேயனும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் வாழ்ந்தபோது நம் மிளகுத்தண்ணீரைக் குடித்துப் பழகினான். அதைத் தன் வாய்க்கேற்பத் திரித்து, 'மல்லிகட்டானி' என்று பெயரிட்டுத் தன் நாட்டுச் சமையல் நூல்களில் ஏற்றினான். நம் சொல்லை அவன் தன் ஒலிக்கு வளைத்தான். நாமோ அவன் சொல்லுக்கு நம் நாக்கை வளைக்கிறோம். மிளகுத்தண்ணீரின் பேரனையே ஆங்கிலப் பட்டியலில் கண்டு அயல்நாட்டுச் சாறென்று வாங்கிக் குடிப்பவனை என்னென்பது!

'வள்ளுவர் புலால் மறுத்தாரே' என்று இன்னொரு குரல் எழும். ஆம், மறுத்தார். எல்லாவுயிர்க்கும் அருள்செய்யும் உள்ளத்தால் மறுத்தார். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளாரும் புலால் உண்ணாதவரே. அருளால் ஊன் மறுப்பாரை வணங்குகிறோம். ஆனால், ஆட்டிறைச்சியைச் சுவைத்துக்கொண்டே மாட்டிறைச்சி உண்பவனுக்கு வாடகைக்கு வீடு மறுப்பவன் வள்ளுவர் வழியினனா? அவன் மறுப்பது புலாலையன்று, உடன்பிறந்த தமிழனை! ஒரு சொல்லை இழிசொல்லாக்குபவன், அச்சொல்லுக்குரிய மக்களையே இழிவாக்குகிறான்.

இஃது ஏட்டுப்பேச்சன்று. 2022ஆம் ஆண்டு மே திங்களில் திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஆம்பூரில் மூன்றுநாள் பிரியாணித் திருவிழா நடத்த முனைந்தது. தோல்தொழிலாளர் வாழும் ஊர் ஆம்பூர். மாட்டிறைச்சிச் சோறு அவ்வூர் மக்கள் பலரின் அன்றாட உணவு. ஆனால் திருவிழாவில் அதற்கு இடமில்லை! எதிர்ப்பு எழுந்தது. ஆதித்திராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. முடிவில் மழையைக் கரணியங்காட்டி விழாவையே தள்ளிவைத்தனர். அதே தமிழ்நாட்டில் அதே ஊனை 'இசுடேக்கு' என்று எழுதிவைத்த கூடங்களுக்குள் எவரும் நுழைந்து கேள்வி கேட்கவில்லை. ஆங்கிலம் அங்கே குடையாய் நின்று காக்கிறது. ஏழையின் தட்டிற்குத்தான் குடையில்லை. தமிழில் உண்டால் குற்றம், ஆங்கிலத்தில் உண்டால் பெருமை என்னும் இந்த இரட்டை முறையே நம் நெஞ்சைச் சுடுகிறது.

வழி இல்லையா? உண்டு. கனடாவில் கியூபெக்கு மாநிலத்தார் 1977ஆம் ஆண்டில் தம் பிரெஞ்சுமொழிக்கென ஒரு சட்டம் இயற்றினர். உணவகத்தின் உணவுப்பட்டியலும் பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தனர். 2013ஆம் ஆண்டில் இத்தாலிய உணவகமொன்றின் பட்டியலில் 'பாசுத்தா' என்றிருந்ததையும் அலுவலர் குற்றங்கண்டபோது உலகம் நகைத்தது. அது மிகை என்று அலுவலகமே பின்வாங்கியது. அந்த மிகை நமக்கும் வேண்டா. ஆனால் ஆங்கிலக் கடல் நடுவே தீவுபோல் வாழும் அம்மக்கள், கடைப்பலகையோடு நில்லாது கையிலெடுக்கும் பட்டியல்வரை தம் மொழியைக் கொண்டுசென்றனர். நாமோ பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்னும் விதியையே கெஞ்சிக் கெஞ்சி நடைமுறைப்படுத்துகிறோம். பலகையைத் தாண்டி உள்ளே சென்று பட்டியலைக் கேட்டோமா?

இனிக் கேட்போம். உணவகத்தில் அமர்ந்ததும் தமிழ்ப்பட்டியல் கேளுங்கள். இல்லையென்றால், வேண்டுமென்று உரிமையாளர்க்கு எழுதிவைத்துவிட்டு வாருங்கள். பரிமாறுபவரிடம் தமிழில் பேசுங்கள். அவரும் நம் பிள்ளையே, அவரை இகழாதீர். சூட்டிறைச்சி என்று சொல்லுங்கள். பனிக்கூழ் என்று சொல்லுங்கள். அணிச்சல் என்று சொல்லுங்கள். முதல்நாள் நகைப்பர், மறுநாள் வியப்பர், மூன்றாம்நாள் தாமே சொல்வர். ஈழத்தமிழர் 'வெதுப்பகம்' என்று பலகை எழுதிக் கடை நடத்திக் காட்டவில்லையா? அங்கே வெந்த அப்பம் சுவை குன்றியா போயிற்று?

எல்லாவற்றிற்கும் மேலாக, தெருவோர வண்டியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தாதீர். அங்கே அடுப்பில் வறுபடுவது நும் பாட்டன் உண்ட உணவு; அங்கே ஒலிப்பது நும் தாய்மொழி. அதைச் சொல்ல நாணும் நாவிற்கு எந்தக் கூடத்து விருந்தும் சுவையன்று.

தமிழா! வயிறு நிறைய உண். வாய்நிறையத் தமிழ் சொல்லி உண்!