ஆச்சிக்குக் கூழ் காணுமா?

"சோறு அடைக்குது பிள்ளை, எனக்குக் கூழ் காணும்" என்று ஆச்சி கூறும்போது, அது வயதின் தளர்ச்சி என்றே நாம் எண்ணிவிடுகின்றோம். முதலிற் பிட்டு நின்றுவிடுகின்றது, பின்னர்ச் சோறு, ஈற்றிற் கஞ்சியும் தயங்கியே இறங்குகின்றது. இதனை முதுமையின் இயல்பெனக் கொள்ளுதல் பெரும் பிழை. அன்னக்குழல் ஒடுங்கி வருவதற்கு இதுவே அறிகுறியாகலாம்.

அக்குழல் தொண்டையினின்று இரைப்பை வரை ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமுடையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்களுக்கும், உயிருள்ள ஒருவர் விழுங்குவதை உள்ளே நோக்க வழியிருக்கவில்லை. அவர் 1884இல் மறைந்தார். ரொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895இலேயாம். எலும்பைக் காட்டிய அக்கதிர் மென்மையான அன்னக்குழலைத் தெளிவாகக் காட்டவில்லை. 1896இல் அமெரிக்க மருத்துவ மாணவர் வால்ரர் கனன், கதிர் ஊடுருவாத பொருளை வாத்தொன்றுக்கு விழுங்கக் கொடுத்து, அது கழுத்தினூடு இறங்குவதைக் கண்டார். அந்த வழியில் வந்ததே இன்றைய பேரியப் பரிசோதனை.

நோயாளர் சில மணிநேரம் உண்ணாதிருந்து, சுண்ணாம்பு கரைத்தாற் போன்ற பேரியம் சல்பேற்றுக் குழம்பை விழுங்குவார். அது நீரிற் கரையாதாகலின் உடலிற் சேராது வெளியேறும். அது இறங்குங்கால் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப்படும். ஒடுங்கிய இடத்தின் விளிம்பு கரடுமுரடாயின் புற்றுநோயென ஐயுறுவர். குழலின் அடி பறவையின் அலகுபோற் கூர்ந்திருப்பின், கீழ்வாயிற் தசை நெகிழ மறுக்கும் அக்கலேசியா என்னும் நோயை நினைப்பர். பரிசோதனையின் பின் மலம் வெண்மையாகக் கழிவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மலம் இறுகாதிருக்க நீரை நிறையப் பருகவேண்டும்.

படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புக் கூறாது. அகநோக்கி என்னும் கமராக் குழாயைச் செலுத்திச் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தே புற்றுநோயை உறுதிசெய்வர். இன்று மருத்துவர் பலவேளை அதனையே முதலில் நாடுவர்; விழுங்கும் அசைவை அறியப் பேரியப் படம் இன்றும் பெரிதும் உதவுகின்றது.

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம்மவர் பழக்கமும், சுருட்டும், மதுவும் அன்னக்குழற் புற்றுக்கு ஏதுவாவன. யாழ்ப்பாணத்திற் போதனா மருத்துவமனையும், தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்க, நாம் வீட்டிலே நாட்களைக் கடத்துவது ஏன்? அடுத்தமுறை கூழ் வார்க்குமுன், "எத்தனை நாளாய் அடைக்குது, ஆச்சி?" என்று கேட்போமாக.