கையெழுத்துப் போட்டவரும் போடாதவரும்

போன மாதம் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பதினோரு வயது. இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டான்: "தாத்தா, உங்க அப்பா அன்னிக்கி ஒரு கையெழுத்து போட்டிருந்தா நாம இப்ப பாரீஸ்ல இருந்திருப்போமாமே, நெஜமா?"

ரசம் ஊற்ற வந்த என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். இந்தப் பேச்சு எங்கிருந்து அவன் காதில் விழுந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் மகன் குடும்பத்தோடு கனடா போக முயற்சி செய்துகொண்டிருக்கிறான். ஆறு மாதமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"நெஜந்தாண்டா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நிறைய இருந்தது, அவனுக்குத்தான் வயது போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து எது என்று புதுவையில் என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் அவர்களுடையதுதான். 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 வரை இழுத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் புதுவை முழுமையாக இந்தியாவானது. அன்று இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. அப்பா இல்லையென்றால் அம்மாவின் முடிவு. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்.

எனக்கு அப்போது 13 வயது. பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பெரியப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கப்பலேறி சைகோன் போய், பல வருடம் இருந்து, பென்ஷனோடு திரும்பியவர். அப்பா நிர்வாகத்தில் குமாஸ்தா. 1954-க்கு முன் பிரெஞ்சுக்காரனிடம் சம்பளம் வாங்கியவர், பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து இந்தியாவிடம் வாங்கினார். அந்த ஆறு மாதமும் திண்ணையில் இரவு பத்து மணி வரை இதே விவாதம். கடைசியில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அப்பா போடவில்லை.

ஊர் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்தது. பெரியப்பா காசுக்கு ஆசைப்பட்டார், அப்பா தேசபக்தர். ஆகஸ்ட் 16 வந்தால் அப்பாவிடம் நாலு பேர் வந்து கைகுலுக்குவார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நம்பினேன், பெருமையாகவும் இருந்தது.

அப்பா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மத்தியானம், நான் கேட்காமலேயே சொன்னார்: "தேசபக்தியும் இல்ல, ஒண்ணும் இல்லடா. பிரெஞ்சுக்காரன்னு எழுதிக் குடுத்துட்டா இங்க கவர்மெண்டு வேலை போயிடும்னு பயந்தேன். அஞ்சு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

பெரியப்பாவுக்கும் இதே பயம்தான். அவருடைய பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. குடியுரிமை மாறினால் அது நின்றுவிடுமோ என்று அஞ்சினார். ஒருவர் சம்பளம் நிற்கக் கூடாது என்று கையெழுத்துப் போடவில்லை, மற்றவர் பென்ஷன் நிற்கக் கூடாது என்று போட்டார். இரண்டு பேரும் தேடியது ஒன்றேதான். நாளைக்கு என்ன என்பது தெரிய வேண்டும், பிள்ளைகள் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது.

குடும்பங்கள் ஏன் ஊரை விட்டுப் போகின்றன என்று யார் கேட்டாலும் எனக்கு இந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. காசுக்காகப் போகிறார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் என் அனுபவத்தில், கூடுதலாக வேண்டும் என்று போனவர்களைவிட, உறுதியாக வேண்டும் என்று போனவர்களே அதிகம். பரம ஏழைகள் போவதில்லை, அவர்களிடம் காகிதமும் இல்லை, பயணச் செலவுக்குப் பணமும் இல்லை. பெரும் பணக்காரர்களுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. நடுவில் இருப்பவர்கள், இருப்பது நழுவிவிடுமோ என்று அஞ்சுபவர்கள், அவர்கள்தான் பெட்டி கட்டுகிறார்கள்.

பெரியப்பா கடைசி வரை பிரான்ஸ் போகவில்லை. கையெழுத்து அவர் போட்டது, ஊரை விட்டுப் போனது பிள்ளைகள். மூத்த அண்ணன் எழுபதுகளில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரப் போனான். அவன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டான். தம்பிக்கு அங்கே தபால் இலாகாவில் வேலை. அக்காவுக்கு இங்கேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது என்றதும் வரிசையில் நின்றார்கள். நகை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அந்தக் காகிதமே சீதனம் ஆகிவிட்டது. பத்து வருடத்தில் திண்ணை காலி. நம் ஊரில் எத்தனை தெருக்களில் இப்படி நடந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தில் முதலாமவர் போவதற்குத்தான் காரணம் வேண்டும். இரண்டாமவர் போவதற்கு முதலாமவர் அங்கே இருப்பதே போதும்.

நான் பிரவே வரை பிரெஞ்சில் படித்துவிட்டு, 1970-இல் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்தேன். கோப்பெல்லாம் ஆங்கிலம். இருபது வயதுக்கு மேல் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நோட் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்க ஆள் வேண்டுமே? அதனால் பல வருடம் என்னை அந்த வேலையிலேயே போட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளிலிருந்து நகல் எடுத்துக் கொடுப்பது. பிரான்ஸ் போகிறவர்கள், போன பிள்ளைகளோடு சேரப் போகிறவர்கள், எல்லோரும் என் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அந்த மேஜையில் நான் பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு குடும்பம். தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்து ஒரு பதிவில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. திருத்த வேண்டும். எட்டு முறை வந்தார்கள். ஒருமுறை அதிகாரி விடுப்பு. ஒருமுறை முத்திரை இல்லை. ஒருமுறை கோப்பு கிடைக்கவில்லை. ஒருமுறை எனக்கே அன்று மனசு சரியில்லை, "நாளைக்கு வாங்க" என்றேன். அதற்கு வேறு காரணமே இல்லை. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒருவழியாகக் கையில் நகல் கிடைத்த அன்று அவர் கணவர் என்னிடம் சொன்னார்: "அங்க ஒரு லெட்டர் போட்டா பதில் வருதாம் சார். என் தம்பி சொல்றான். அதுக்காகவே போகணும்னு தோணுது."

சம்பளத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பதில் வருவதைப் பற்றித்தான் பேசினார். இன்றைக்கும் அது என்னைக் குத்துகிறது. அவர்கள் போனதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. போகிறவர்களைப் பார்த்து நன்றி இல்லாதவர்கள் என்று சொல்லும் என் பழைய சகாக்களுக்கு இதைத்தான் நான் நினைவூட்டுவேன். நாம் எத்தனை பேரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினோம்?

அதற்காகப் போன இடம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2008-இல் மூன்று வாரம் அண்ணன் வீட்டில் இருந்தேன். பாரீசுக்கு வடக்கே சர்செல். அடுக்குமாடி, ஐந்தாவது தளம். பள்ளிக்கூடத்துக்குச் செலவில்லை, வைத்தியத்துக்குப் பெரிய செலவில்லை, பிள்ளைகளுக்கு அரசாங்க உதவிப்பணம். எல்லாம் சரி. பெரியம்மாவைக் கடைசிக் காலத்தில் அங்கே அழைத்துக்கொண்டார்களே, அவர் நாள் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த நாற்காலியை அண்ணி காட்டினார். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் பேச, அவர் தமிழில் பேச, நடுவில் அண்ணி மொழிபெயர்ப்பாராம். அண்ணன் பிள்ளைகள் என்னோடு பேசியதும் பிரெஞ்சில்தான். எனக்குப் புரியும் என்பதில் அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

அதே பயணத்தில் லா ஷப்பேல் கடைத்தெருவுக்குப் போனோம். தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை. பெரும்பாலும் ஈழத்துக்காரர்கள் நடத்தும் கடைகள். ஒரு கடைக்காரரிடம் நான் வழக்கம்போல, "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "யோசிக்க நேரம் கிடைக்கேல்லை ஐயா. வேணுமெண்டு வந்த ஆக்கள் இல்லை நாங்கள்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. உயிருக்கு ஓடி வந்தவரையும் ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. நான் இங்கே எழுதுவது யோசிக்க நேரம் கிடைத்தவர்களைப் பற்றி மட்டுமே.

இப்போது என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வயது 41. கணினி வேலை. சம்பளம், நான் ஓய்வு பெற்றபோது ஒரு வருடத்தில் வாங்கியதை அவன் ஒரு மாதத்தில் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நானும் கோபப்பட்டேன். "இதுக்கு மேல என்னடா வேணும்?" என்று கேட்டேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான். 2024 கோடையில் அவர்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டார்கள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஆபீஸ் போய் வருவதில் தினம் மூன்று மணி நேரம் போகிறது. பள்ளிக் கட்டணம் வருடா வருடம் ஏறுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "எங்க ஆபீஸ்ல நாப்பத்தஞ்சு வயசுக்காரங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பார்த்தேம்பா. ஒரு கை விரல் போதும். உங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு என்ன வரும்?"

எனக்குப் பதில் வரவில்லை. 1962-இல் என் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து வாங்கிக்கொண்ட உறுதி, அரசு வேலையும் அதற்குப் பின்னால் வரும் பென்ஷனும்தான். அது எனக்கும் வந்தது. 2004 ஜனவரிக்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கே பழைய பென்ஷன் இல்லை என்றாகிவிட்டது. தனியார் வேலைக்காரனுக்கு என்ன இருக்கிறது? அப்பா சம்பாதித்த அந்த உறுதி என்னோடு முடிகிறது. அப்பாவும் பெரியப்பாவும் செய்ததைத்தான் என் மகனும் செய்கிறான். தேசம்தான் வேறு, பயம் அதேதான்.

கனடாவிலும் வாடகை உண்டு, குளிர் உண்டு, இறங்கியவுடன் வேலை கையில் கொடுக்கப் போவதில்லை. அதை அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் தெரியும். அவனுக்கு இருக்கும் அவசரம், வயது ஏற ஏற அங்கே புள்ளி குறையும் என்பது.

இன்னொன்றும் அவன் சொன்னான். கனடாவில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனியாக முன்னுரிமை தருகிறார்களாம். 2023 முதல் அவர்களுக்கென்றே தனிச் சுற்றில் ஆள் எடுக்கிறார்கள். அதனால் தினம் இரவு ஒன்பது மணிக்கு மருமகள் போனில் வருகிறாள். "மாமா, இன்னிக்கி எந்தப் பாடம்?" என்கிறாள். நான் படித்த பிரெஞ்சு. வேலைக்கு உதவாது என்று இருபது வயதில் மூட்டை கட்டி வைத்த பிரெஞ்சு. பழைய நோட்டைத் தூசி தட்டி வினைச்சொல் வாய்பாடு சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வுக்கான ஒலிப்பதிவில் பேசும் வேகம் எனக்கே பிடிபடவில்லை. இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவளுக்குச் சொல்கிறேன். கெட்டிக்காரி, தேறிவிடுவாள்.

"அவங்க போறதுக்கு நீங்களே வழி பண்ணிக் குடுக்குறீங்களே" என்றாள் என் மனைவி. ஆமாம். ஒன்பது மணி ஆக ஆக எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஆனாலும் ஒருநாளும் பாடத்தைத் தள்ளிப்போட்டதில்லை. "நாளைக்கு வாம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மகனிடம் இரண்டே இரண்டு கேட்டிருக்கிறேன். ஒன்று, "ரெண்டு வருஷம், அப்புறம் வந்துடுவோம்" என்று எங்களிடம் சொல்லாதே. பெரியப்பா பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள், அந்த வீடு இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. திரும்ப மாட்டாய் என்றால் அதைச் சொல், நாங்கள் எங்கள் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, பேரனிடம் உண்மையைச் சொல். "உனக்காகத்தான் போறோம்" என்று அவன் தலையில் பாரத்தை ஏற்றாதே. நாளைக்கு அங்கே அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கடனை அவன் எப்படி அடைப்பான்? "எனக்குப் பயமா இருந்துச்சு, அதனால போனோம்" என்று சொல். அதில் ஒரு வெட்கமும் இல்லை. என் அப்பா அதை என்னிடம் சொல்ல நாற்பது வருடம் ஆனது. சீக்கிரமே சொல்லியிருந்தால் பெரியப்பா வீட்டாரை நான் இவ்வளவு காலம் தாழ்வாக நினைத்திருக்க மாட்டேன்.