விதைத்தவர் காணாத விளைச்சல்

ஓர் அறிவியலாளரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? அவர் பெற்ற பரிசுகளையும் வெளியிட்ட கட்டுரைகளையும் எண்ணிப் பார்ப்பதே நம் வழக்கம். அவ்வளவுகோல் போதாது என்பது என் கருத்து. தமக்குப் பின் எத்தனை பேர் ஆய்வைத் தொடர வழியமைத்தார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். வானியற்பியலாளர் வைணு பாப்புவின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1927இல் சென்னையில் பிறந்தவர் பாப்பு. அவர்தம் தந்தை ஐதராபாத்து நிசாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே, 1949இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தோருள் ஒருவரானார். 1957இல் வில்சனுடன் இணைந்து, வெப்பம் குறைந்த விண்மீன்களின் நிறமாலையில் தோன்றும் கால்சிய ஒளிர்கோட்டின் அகலத்தைக்கொண்டு, அவற்றின் உண்மையான ஒளித்திறனை அறியலாம் என நிறுவினார். ஒளித்திறன் தெரிந்தால் தொலைவையும் கணக்கிடலாம். இஃது ‘வில்சன் – பாப்பு விளைவு’ எனப்படுகிறது.

அயல்நாட்டின் பெருந்தொலைநோக்கிகள் அவருக்கு எட்டாதவை அல்ல. ஆயினும் அவர் தாயகம் திரும்பினார். நைனிடால் வானாய்வகத்தை உருவாக்க உழைத்தார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். கதிரவனை ஆராயக் கொடைக்கானல் இருந்தது. இரவு வானை ஆராய வேறிடம் தேவைப்பட்டது. சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கு நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கியின் ஆடி 38 செ.மீ. விட்டமே உடையது, எனினும் அக்கருவி கொடைக்கானல் பணிமனையிலேயே உருவானது. 1971இல் தோன்றிய இந்திய வானியற்பியல் நிறுவனத்திற்கும் அவரே தலைமையேற்றார்.

நிருவாகப் பணி ஆய்வாளரின் காலத்தை விழுங்கிவிடும் என்பர் சிலர். மறுப்பதற்கில்லை, கோப்புகளில் கழியும் பொழுது வானை நோக்கும் பொழுதிலிருந்தே குறைகிறது. ஆனால், 1977இல் யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அவருடைய சக ஆய்வாளர்கள் எடுத்த பதிவும் அதற்குத் துணைநின்றது. அந்தக் கருவியும் பயிற்சி பெற்ற கண்களும் அங்கு இல்லாதிருந்தால், அவ்விரவு நமக்கு வீணாகியிருக்கும். ஒருவர் இழந்த பொழுது பலருக்கு வாய்ப்பாக மலர்ந்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

அடுத்து, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நாட்டிலேயே உருவாக்க முனைந்தார். விலைகொடுத்து வாங்கினால் கருவி மட்டுமே வரும். நாமே செய்தால் செய்யத் தெரிந்த கைகளும் உருவாகும். அதன் ஆடி பெங்களூருவில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. ஆனால், பணி நிறைவுறுமுன், 1982இல் பாப்பு மறைந்தார். 1986இல் அத்தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே! தாம் காண இயலாத வானத்தைப் பிறர் காணச் செய்தவர் அவர். பனைவிதை ஊன்றுபவர் நுங்கு தின்னும் நாளை எண்ணி ஊன்றுவதில்லை. நீங்கள் எத்துறையில் உயர்ந்தாலும், உங்களுக்குப் பின் வருவோருக்கு எதை விட்டுச்செல்வீர்கள் என்பதை இன்றே எண்ணத் தொடங்குங்கள்.