போனவர்களா, ஆக்கப்பட்டவர்களா?

2016இல் இலங்கை அரசு சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன' ஆட்கள். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளைகளா அவர்கள்? 2009 மே மாதம் பெற்றோரே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளும் அதில் அடக்கம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய அம்மாக்கள் 'ஆக்கப்பட்டோர்' எண்டுதான் சொல்கிறார்கள். ஆக்கினது ஆர் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. கொழும்புக்குக் கசப்பதும் அதுதான்.

சரி, எங்கட பக்கம்? 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போகப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதை 'இடப்பெயர்வு' எண்டு எழுதுகிற தமிழர்களை இன்றும் வாசிக்கிறேன். இடம் தானாகவா பெயர்ந்தது? கொழும்பிடம் 'செய்தது ஆர்' எண்டு கேட்கிற அதே வாயில், இங்கே மட்டும் எழுவாய் வருவதில்லை. புத்தளம் அகதி முகாமில் வளர்ந்த ஒருவர் எதை நம்பி எங்கட நீதிக் கதையைக் கேட்கவேணும்?