ஸ்டேஜ் மேனேஜர் என்றால் ஆறுதல் பரிசா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நாடகங்களில், வேடம் கிடைக்காத பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு பதவி கைவசம் இருக்கும்: ஸ்டேஜ் மேனேஜர். ஆறுதல் பரிசு மாதிரி! அநியாயம்.

அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். யார் எந்த வசனத்தில் எங்கே நகர்ந்தார்கள் என்று பிராம்ப்ட் புக்கில் பென்சிலால் குறிக்க வேண்டும் (பேனா கூடாது, இயக்குநர் நாளைக்கே மாற்றுவார்). நாற்காலி போடும் இடத்தில் கலர் டேப். நாடகத்தன்று ஹெட்செட்டில் முதலில் "ஸ்டாண்ட்பை", பிறகு சரியான நொடியில் "கோ". அதைக் கேட்டுத்தான் விளக்கு மாறும். அதனாலேயே ஹெட்செட்டில் வேறு பேச்சுக்கு அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார்கள். "ஐந்து நிமிடம்" என்று அறிவித்தால் நடிகர்கள் "நன்றி, ஐந்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததற்கு ரசீது! காமர்ஸ் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

நாடகம் தொடங்கிவிட்டால் இயக்குநரே வெறும் பார்வையாளர்தான். பதினாறு வயதுப் பெண் சொன்னால்தான் திரை விலகும். வேறு எந்தப் பாடத்தில் இந்தப் பொறுப்பு கிடைக்கும்? ஆனால் சில ஆசிரியர்கள் பயந்துபோய் ஹெட்செட்டைத் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். மாணவருக்கு நாற்காலி தூக்கும் வேலை. பள்ளி நாடகத்தில் ஒரு விளக்கு தப்பினால் என்ன குடியா முழுகிவிடும்?

1913ல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம் நடிகர்களோடு ஸ்டேஜ் மேனேஜர்களுக்கும் சேர்த்தே இயங்குகிறது. 1929ல் தொடங்கிய இன்டர்நேஷனல் தெஸ்பியன் சொசைட்டி பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் போட்டிகளில் ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டுக்குத் தனிப் பிரிவே உண்டு. தன் பிராம்ப்ட் புக்கைக் காட்டி நடுவர்களுக்கு விளக்க வேண்டும். நாற்காலி மட்டும் தூக்கிய பிள்ளை அங்கே எதைக் காட்டும்?